இரண்டு பேருக்கு ஒரு பூ

எங்கள் வீட்டில் இரண்டு பேர் ஒரே நாளில் வக்கீல்களுக்கான பார் தேர்வு எழுதினோம். ஒருத்தி என் மகள். இன்னொருத்தி நான்.

இதைச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் என் தலைமுடியைப் பார்ப்பார்கள். பிறகு மகளைப் பார்ப்பார்கள். பிறகு "பரவால்லீங்களே" என்பார்கள். அந்தப் பரவாயில்லைக்கு என்ன அர்த்தம் என்று நான் யாரையும் கேட்டதில்லை. கேட்டால் சண்டைதான் வரும்.

திருச்செங்கோட்டுப் பக்கத்தில் ரிக் வண்டி வைத்திருக்கிற வீடு எங்களுடையது. ஆழ்துளைக் கிணறு போடுகிற அந்த வண்டியோடு என் கணவர் வருடத்தில் பாதி நாள் வடக்கே வெளிமாநிலங்களில் கிடப்பார். மகள் ஐந்து வருடச் சட்டப் படிப்பில் சேர்ந்து விடுதிக்குப் போனதும் வீட்டில் நானும் டிவியும்தான் மிச்சம். அவள் விடுமுறைக்குக் கொண்டுவந்து போட்ட புத்தகம் ஒன்றை ஒரு மத்தியானம் புரட்டினேன். வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை, ஜீவனாம்சம் என்று எங்கள் சொந்தபந்தத்தில் நடப்பதெல்லாம் அதில் இருந்தது. இதில் என்ன பெரிய கம்பசூத்திரம் என்று தோன்றிவிட்டது. கல்யாணத்துக்கு முன்பு முடித்த பட்டம் ஒன்று பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்தது. அதைத் தட்டி எழுப்பி, மூன்று வருடச் சட்டப் படிப்பில் சேர்ந்து, மகளுக்கு முன்னாலேயே முடித்தும்விட்டேன்.

ஆனால் படித்து, பதிவு செய்து, கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டால் மட்டும் போதாது. முதலில் தருவது தற்காலிக அனுமதிதான். இரண்டு வருடத்துக்குள் பார் தேர்வில் தேறவேண்டும். தேறாவிட்டால், தேறுகிற வரை கோர்ட்டில் எழுந்து நின்று வாய் திறக்க முடியாது. இதில் பெரிய கொடுமை, அது புத்தகத்தைப் பார்த்தே எழுதுகிற தேர்வு. குறிப்பு எதுவும் இல்லாத வெறும் சட்டப் புத்தகமாக இருந்தால் உள்ளே கொண்டுபோகலாம். அதனால் பெயிலாகிறவர்களுக்கு ஊரில் ஒரு தனி மரியாதை உண்டு. "பாத்து எழுதற பரிச்சையிலயா பெயிலு?" என்பார்கள்.

அந்த மரியாதை எனக்கு ஒருமுறை கிடைத்தது. நாமக்கல் கோர்ட்டுக்கு எதிரே டீக்கடையில் நின்றுகொண்டு போனில் ரிசல்ட்டைப் பார்த்தேன். அதில் மார்க் வராது. பாஸ், இல்லாவிட்டால் பெயில். ஒரு மார்க்கில் போனதா, முழுகியே போனதா என்று தெரிந்துகொள்ளவும் வழியில்லை. வீட்டுக்கு வந்து பிரிட்ஜில் இருந்ததையெல்லாம் வெளியே எடுத்துப்போட்டுத் துடைத்தேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. யார்மேல் என்று சொல்லத் தெரியாத கோபம். வடக்கே இருந்த கணவரிடம் போனில் சொன்னபோது, "போரு பெயிலானா வண்டியக் கெளப்பிக்கிட்டு அடுத்த காட்டுக்குப் போறதில்லியா, அது மாதிரிதான்" என்றார். உலகத்தில் எது நடந்தாலும் அவரிடம் ஒரு போர்வெல் உதாரணம் இருக்கும். போனை வைத்துவிட்டு மறுபடியும் பிரிட்ஜைத் துடைத்தேன்.

இரண்டாம் முறை எழுதும்போது என் இரண்டு வருடம் முடிகிற கட்டத்தில் இருந்தது. கையில் இருந்தவை சின்னச் சின்ன வழக்குகள்தான். அவற்றில் ஒன்றுக்காக மட்டும் நான் பாஸாகியே தீரவேண்டும் என்று நினைத்தேன். எருமப்பட்டிப் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கும் வேலை செய்கிற பெண். கணவனைப் பிரிந்தவள். அவளுடைய மகளைக் கணவன் வீட்டார் தம்மம்பட்டிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வழக்கு முடிகிற வரைக்காவது வார விடுமுறையில் பிள்ளை தன்னிடம் இருக்கவேண்டும் என்று கேட்டு மனுப் போட்டிருந்தோம். அவளுக்குக் கோர்ட் என்றாலே நடுக்கம். நீதிபதியின் நாற்காலி காலியாக இருந்தால்கூட நிமிர்ந்து பார்க்கமாட்டாள். "நீங்க இருக்கறதாலதானுங்கக்கா நான் உள்ளயே வாரேன்" என்பாள். அந்த ஒரு வார்த்தை என்னைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது.

மகளுக்கோ அது முதல் தடவை. அவள் வேறு ரகம். ஒன்றாம் வகுப்பிலிருந்து பெயில் என்ற சொல்லைத் தன் பக்கத்தில் அண்டவிட்டதில்லை. எங்கள் சாப்பாட்டு மேஜையின் ஒரு பக்கம் அவளும் மறுபக்கம் நானும் உட்கார்ந்து படித்தோம். குற்றவியல் சட்டத்தை அப்போதுதான் மாற்றி எழுதியிருந்தார்கள். அவளுக்குப் புதுப் பிரிவு எண்கள் சரளமாக வந்தன. எனக்குக் கொலை என்றால் முன்னூத்தி ரெண்டு, ஏமாற்று என்றால் நானூத்தி இருபது. மண்டையில் குடியேறிவிட்ட அந்தப் பழைய எண்களைக் காலி செய்ய வைப்பதற்குத் தனியாக ஒரு வழக்குப் போடவேண்டும்போல இருந்தது.

ஆனால் சரளமாகப் படித்தவள்தான் பயந்து செத்தாள். சோறு இறங்கவில்லை. சீப்பு நிறைய முடி வந்தது. "நான் பெயிலானா என் கூடப் படிச்சவங்க மூஞ்சியில எப்புடிம்மா முழிப்பேன்?" என்றாள். நான் பெயிலாகியும் எல்லார் மூஞ்சியிலும் முழித்துக்கொண்டுதானே இருக்கிறேன் என்றேன். "நீ வேறம்மா" என்றாள். அவள் எந்த அர்த்தத்தில் சொன்னாளோ, எனக்குச் சுருக்கென்றது.

இந்த லட்சணத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர், "வா, ஜேடர்பாளையம் போய் மீன் சாப்பிட்டு வரலாம்" என்றார். எனக்கு அப்போதே பொறி தட்டியிருக்கவேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னைத் தனியாக மீன் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனது கிடையாது. அணைக்குப் பக்கத்தில் கடையில் உட்கார்ந்து, சூடான மீனில் முள்ளை எடுத்து எடுத்து என் இலையில் வைத்தார். அதற்குள் பாதிச் சந்தேகம் வந்துவிட்டது.

"ஏனுங்க, வண்டி எங்காச்சும் மாட்டிக்கிச்சுங்களா?"

"வண்டியெல்லாம் நல்லாத்தான் இருக்குது. நீ சாப்புடு."

"அப்பறம் எதுக்குங்க எனக்கு முள்ளெடுத்து வெக்கறீங்க?"

"பொண்டாட்டிக்கு முள்ளெடுத்து வெச்சா குத்தமா?" என்றவர், கொஞ்சம் பொறுத்து, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இந்தப் பரிச்சை கெடக்குது உடு. இதுலயா நமக்குச் சோறு? ஊட்டுல எத்தன வேல இருக்குது."

முழுச் சந்தேகமும் வந்துவிட்டது. இலையை நகர்த்தி வைத்துவிட்டுக் குறுக்கு விசாரணையை ஆரம்பித்தேன்.

"குலதெய்வம் கோயிலுக்குப் போனீங்களா?"

"போனன்."

"பூப் போட்டுப் பாத்தீங்களா?"

சாட்சி தலையைக் குனிந்துகொண்டார்.

எங்கள் பக்கத்தில் எதற்கும் பூப் போட்டுப் பார்ப்பது உண்டு. வெள்ளைப் பூ ஒன்றும் செவ்வரளி ஒன்றும் தனித்தனியாக இலையில் மடித்துச் சாமி முன்னால் போட்டு, மனசில் இருப்பதைக் கேட்டு, ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்வார்கள். எந்தப் பூ வருகிறதோ அது சாமியின் வாக்கு. கல்யாணம், வீடு, வண்டி எல்லாவற்றுக்கும் கேட்பார்கள். என் கணவர் பூக் கேட்காமல் ரிக் வண்டியை வடக்கே அனுப்பியதே கிடையாது. எனக்கு அதில் பெரிய நம்பிக்கையும் இல்லை, எதிர்த்துப் பேசத் தைரியமும் இல்லை.

"என்னன்னு கேட்டீங்க? சாமிகிட்டச் சொன்ன அதே வார்த்தையச் சொல்லோணும்."

"வெள்ளப் பூ நீயி, செவப்புப் பூ பாப்பா. ரெண்டுல எது பாசுன்னு காட்டு தாயேன்னு கேட்டன்."

"ரெண்டுல எதுன்னா? ரெண்டு பேரும் பாசாகறதுக்கு வழியே வெக்கலீங்களா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த மாதிரி ஒரு முழியை நான் அவரிடம் பார்த்ததில்லை. ஒரு விவசாயியின் காட்டில் போர் போடப் போனால், நீரோட்டம் பார்க்கிறவர் இரண்டு பாயிண்ட் குறித்துக் கொடுப்பார். கிழக்குப் பாயிண்டா, மேற்குப் பாயிண்டா என்று சாமியிடம் கேட்டுவிட்டு ஒன்றில் இறக்குவார்கள். வாழ்நாள் முழுக்க அப்படியே கேட்டுப் பழகிய மனுஷன், பெண்டாட்டியையும் மகளையும் இரண்டு பாயிண்ட்டாக வைத்துக் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். அப்படிக் கேட்டால் ஒருத்தி பெயிலாகித்தான் ஆகவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கோர்ட்டில் இப்படி ஒரு கேள்வி கேட்டால் எழுந்து ஆட்சேபணை சொல்லலாம். கோயிலில் யாரிடம் போய்ச் சொல்வது?

"எந்தப் பூவுங்க வந்துச்சு?"

"செவப்பு" என்றார். மீன் ஆறிப்போயிருந்தது.

வழி நெடுக அவரை வறுத்தெடுத்தேன். பாவம், வண்டியை ஓட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டார். வீட்டு வாசலில் இறங்கும்போதும் நான் நிறுத்தவில்லை. மகள் கதவைத் திறந்துகொண்டு நின்றதை நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

அவள் அப்பாவிடம் போட்ட சண்டை எங்கள் தெருவுக்கே கேட்டிருக்கும். "அம்மா பெயிலாகித்தான் நான் பாசாகோணும்னா எனக்கு அந்தப் பாசே வேண்டாம்! போய் மறுபடியும் ஒழுங்காக் கேட்டுட்டு வாங்க!" என்றாள். கேட்டதையே திரும்பக் கேட்கக் கூடாது, சாமிக்குக் கோபம் வரும் என்றார் அவர். "இதெல்லாம் சுத்த மூடநம்பிக்கை. நான் நம்பவே மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நம்பமாட்டேன் என்றவள், இராத்திரிச் சாப்பாட்டில் மூன்று தோசை சாப்பிட்டாள். நாலாவது இருக்கிறதா என்று கேட்டாள்.

அடுப்புக்கு முன்னால் நின்றபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அறிவு நம்பவில்லை. வயிறு நம்பிவிட்டது. அன்று நன்றாகத் தூங்கவும் தூங்கினாள். மறுநாள் புத்தகத்தைத் திறக்கும்போது பழைய பதற்றம் இல்லை. என்னிடம் மட்டும் முகம் கொடுக்கத் தயங்கினாள். எனக்குச் சேரவேண்டியதைத் திருடிவிட்டதைப்போல உட்கார்ந்திருந்தாள்.

என் கணவர் சமையற்கட்டுக்கு வந்து மெதுவாகச் சொன்னார்: "ஏம்மா, வேணுமுன்னா வேற சாமிகிட்ட, ரெண்டு பேருக்கும் தனித்தனியாக் கேட்டுட்டு வாரேன். அது தப்பில்ல."

எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. பூவில் நம்பிக்கை இல்லை என்று எத்தனை சொன்னாலும், அந்தச் சிவப்புப் பூ என் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் வேறு கோயிலில் கேட்டு, மகளுக்கு ஏடாகூடமாக ஏதாவது வந்துவிட்டால்? தோசை கேட்டவள் மறுபடியும் தட்டை நகர்த்தி வைப்பாள். வேண்டாம் என்றேன். "செவப்பே இருக்கட்டுமுங்க. நீங்க வேற எங்கயும் போவ வேண்டாம்." அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அடுப்பில் பால் பொங்குகிறது என்று விடுவித்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் பெயிலாகப் போகிறவள் என்பது வாயால் சொல்லப்படாமல் முடிவாகிவிட்டது. இதில் நான் எதிர்பார்க்காத சௌகரியங்கள் இருந்தன. மகள் எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். கணவர் துணி மடித்தார். நான் படிக்க உட்கார்ந்தால் டிவியின் சத்தம் தானாகக் குறைந்தது. பெயிலாவதற்கு முன்பே துக்கம் விசாரிக்கிறார்களே என்று எரிச்சலாகவும் இருந்தது, சுகமாகவும் இருந்தது. பெயிலானால் என்ன ஆகும் என்ற பயம் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துபோனது. என்ன ஆகும் என்பதைத்தான் வீட்டில் தினமும் நடத்திக் காட்டிக்கொண்டிருந்தார்களே. யாரும் என்னை விட்டுவிட்டுப் போகவில்லை. சோறு அதே சோறுதான்.

அதற்காக நான் படிப்பதை விடவில்லை. சாமியோ பூவோ, வாதாடாமல் வழக்கை விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை நான்.

தேர்வு கோயம்புத்தூரில் நடந்தது. இரண்டு பேருக்கும் வேறு வேறு அறை. உள்ளே போகும்போது மகள் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "அம்மா, தெரிஞ்ச கேள்விய மொதல்ல போடு. புது நம்பர், மறந்துறாத" என்றாள். என் அறையில் என் வயதில் ஒருவர்கூட இல்லை. புத்தகத்தைப் புரட்டுகிற சத்தம் அறை முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தது. நன்றாகத்தான் எழுதினேன். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

ரிசல்ட் வந்த அன்று மூன்று பேரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தோம். மகளுடைய எண்ணை முதலில் போட்டோம். பாஸ். நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். அந்தச் சந்தோஷம் முழுச் சந்தோஷம். அதில் ஒரு பொட்டுக் கலப்படம் இல்லை. அப்புறம் என் எண்ணைப் போட்டோம்.

பெயில்.

நான் அழுவேன் என்று இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். அழுதது என் கணவர். சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னாலதான். ஒழுங்காக் கேட்டிருந்தா ரெண்டு பேரும் பாசாகியிருப்பீங்க" என்றார். அவரைத் தேற்றுவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. உங்கள் பூவால் ஒன்றும் நான் பெயிலாகவில்லை, புது எண்களால்தான் பெயிலானேன், வேண்டுமானால் அரசாங்கத்தைத் திட்டுங்கள் என்றேன். மகள் சிரித்துக்கொண்டே அழுதாள். கடைசியில் பெயிலானவளாகிய நான் போய்த்தான் இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தேன்.

பொறாமை வருமோ என்று பயந்திருந்தேன். வந்தது. அவள் கோர்ட்டுக்குப் போட்டுக்கொள்ள என் கறுப்புக் கோட்டை இஸ்திரி போட எடுத்துக்கொண்டு போனபோது, அதை வாங்கி உள்ளே வைத்துவிடலாமா என்று இருந்தது. என் இரண்டு வருடம் முடிந்திருந்தது. கையில் இருந்த வழக்குகளை அவளுக்கு மாற்றிக் கொடுத்தேன். எருமப்பட்டிப் பெண்ணுடைய மனு அந்த மாதமே விசாரணைக்கு வந்தது.

காப்பிக் கலர் சேலை கட்டிக்கொண்டு அன்று நாமக்கல் கோர்ட்டுக்குப் போனேன். வெள்ளைச் சேலை இல்லாமல் நான் அங்கே போனது அதுதான் முதல் தடவை. வக்கீல்கள் உட்காருகிற நாற்காலியைத் தாண்டி, பின்னால் வழக்குக்காரர்களுக்கு இருக்கிற பெஞ்சில் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நீங்க பேசமாட்டீங்களாக்கா?" என்று இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும், என் மகள் பேசுவாள் என்றேன்.

மகள் நன்றாகத்தான் ஆரம்பித்தாள். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, இந்தத் தாய் காலையிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் கோழிப்பண்ணையில் இருக்கிறாள், பிள்ளையைப் பற்றி இவளுக்கு ஒன்றும் தெரியாது, என்ன வகுப்புப் படிக்கிறது என்றுகூடத் தெரியாது என்றார். நீதிபதி என் மகளைப் பார்த்து, "என்ன சொல்றீங்க?" என்றார். மகள் பக்கங்களைப் புரட்டினாள். அது எந்தப் பக்கத்திலும் இல்லை. எனக்குத் தெரியும். அந்தப் பெண் என்னிடம் பேசிப் பேசி, அந்தப் பிள்ளை நானே வளர்த்த பிள்ளை மாதிரி. முன்பு என்றால் அந்த நொடியே எழுந்திருப்பேன். என் கால்கள் எழப் பார்த்தன. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு அந்தப் பெண்ணின் காதுக்குப் பக்கத்தில், "நீ எந்திரி. நீயே சொல்லு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் எழமாட்டேன் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்கவேண்டும். முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"ரெண்டாப்புங்க" என்றாள். குரல் நடுங்கியது. "பாப்பா ரெண்டாப்புப் படிக்குதுங்க. கணக்கு நல்லா வரும். பாலு குடிக்காதுங்க, ஏலக்காய் போட்டாத்தான் குடிக்கும். தல சீவறப்ப உச்சியிலிருந்து இழுத்தா அழுவுமுங்க, அடியிலிருந்து கொஞ்சங் கொஞ்சமா சிக்கெடுக்கோணும். அங்க ஆருக்கும் அது தெரியாதுங்க. போன தடவ இங்க கோர்ட்டுல பாத்தப்ப முடிய ஒட்ட வெட்டி உட்டிருந்தாங்க."

எதிர்த்தரப்பு வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நீதிபதி கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு, அவளைப் பார்த்து, "இன்னும் சொல்லும்மா" என்றார். அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். மகள் பேப்பரை மூடிவிட்டு ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் பிள்ளை தாயிடம் இருக்கலாம் என்று உத்தரவானது.

அந்தப் பெண் தொப்பென்று என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சரியாப் பேசுனனுங்களாக்கா?"

நான் எழுந்து பேசியிருந்தால் இவ்வளவு சரியாக வந்திருக்காது என்றேன். அவளைச் சமாதானப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை.